மாதம் எழுத்தில்

தேதியை எப்படிக் காட்டட்டும் என்று கேட்டுவிட்டு அந்தக் கணக்கு மென்பொருள் பேசாமல் நின்றுகொண்டது. ஆவுடையப்பனும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தான். காலை பத்தேகால். கத்திரி தொடங்கிய முதல் நாள். மாடி அறையின் தளம் அதற்குள் தலைக்குமேலே தோசைக்கல் மாதிரி காய ஆரம்பித்திருந்தது. திரையில் ஒரு பட்டியல் விரிந்து தொங்கியது. நாள் முன்னால் வருவது, மாதம் முன்னால் வருவது, வருஷம் முன்னால் வருவது, கடைசியாக மாதத்தை எண்ணால் குறிக்காமல் பேரையே எழுதிவிடுவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்றைய தேதியையே மாதிரிக்குப் போட்டிருந்தது. 04/05 என்று ஒன்று, 05/04 என்று இன்னொன்று. இரண்டும் இன்றைக்குத்தான். மே மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை, பாளையங்கோட்டை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் எது இன்று, எது ஏப்ரல் ஐந்து என்று தெரியாமல் போய்விடுகிறது. ஒரே ஆளின் முகத்தை நேரிலும் கண்ணாடியிலும் பார்க்கிற மாதிரி. அமெரிக்காவில் இருபத்திரண்டு வருஷம் மாதத்தை முன்னால் எழுதிப் பழகிய கை. அதற்கு முந்தின இருபத்து நாலு வருஷம் நாளை முன்னால் எழுதிய அதே கை. ஊர் திரும்பி ஒன்றரை வருஷமாகியும் பேங்கில் சலான் எழுதும்போது பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது. கவுன்டரில் இருக்கிற பெண் அந்தத் தயக்கத்தைப் பார்த்து, பாவம் வயசானவர் என்று நினைத்திருப்பாள். நாற்பத்தெட்டு வயசாகிறதா என்று கேட்டால் ஆகிறதுதான்.

இதெல்லாம் ஒரு வேலையா, ஒன்றைத் தட்டிவிட்டு மேலே போகவேண்டியதுதானே. கீழே அக்கா பகவதி காத்திருக்கிறாள். வீடு அம்மா பேரிலிருந்து இரண்டு பேருக்குமாக வந்தது. மராமத்து, வரி, முன்வாசல் கடை வாடகை எல்லாம் பொது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைப்போம் என்று சொன்னது அவன்தான். "போடு, ஆனா எனக்குக் காட்டணும். முப்பத்தெட்டு வருஷம் தபாலாபீசுல கணக்க முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கேன், பைசா குறைஞ்சா எனக்குத் தூக்கம் வராது" என்றாள். போன வருஷம் ரிட்டயரானவள். அதோடு சேர்த்துப் போட ஆடிட்டர் அவனிடம் கேட்டது அமெரிக்க பேங்கின் கடைசி ஆறு வருஷக் கணக்கு மட்டும்தான். ஆறே ஆறு. ஆனால் நேற்று சாயங்காலம் அதை இறக்கும்போது, எந்த வருஷத்திலிருந்து என்ற கட்டத்தில் அவன் விரல் 'எல்லாம்' என்பதைத் தட்டியிருந்தது. விரல்தான் தட்டியது என்று சொல்லிக்கொள்ளலாம். விரலுக்கு என்ன தெரியும். பழைய கணக்குகளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்போது தோன்றியது. இல்லை, தோன்றவேயில்லை, தட்டியபிறகுதான் அதற்கு ஒரு காரணத்தைத் தேடி ஒட்டினான். எப்போதும் இப்படித்தான். செய்வதைச் செய்துவிட்டு, காரணத்தைப் பின்னால் அனுப்பிவைப்பது, ரயில் கிளம்பினபிறகு சாப்பாட்டுக் கூடையை ஜன்னல் வழியாகத் திணிக்கிற மாதிரி. இப்போது ஆயிரக்கணக்கான வரிகள் உள்ளே வரக் காத்திருக்கின்றன. அதில் ஒரு வரி இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும், இருட்டில் ஸ்விட்ச் இருக்கிற இடம் தெரிகிற மாதிரி.

பதின்மூன்றிலிருந்து சந்தேகமே கிடையாது, அதுதான் இதில் வேடிக்கை. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று உலகத்தில் இல்லாததால், பதின்மூன்று, பதினாலு என்று எண் வந்துவிட்டாலே அது நாள்தான், எந்த ஊர்க்காரன் எப்படித் திருப்பி எழுதினாலும் சரி. முதல் பன்னிரண்டு நாள்தான் ஒளிந்துகொள்ளும். மாதத்துக்குப் பன்னிரண்டு, வருஷத்துக்கு நூற்றிநாற்பத்து நாலு. அதில் ஒன்று-ஒன்று, இரண்டு-இரண்டு என்று இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கிற பன்னிரண்டைக் கழித்தால் நூற்றி முப்பத்திரண்டு நாள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அம்மாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் பதின்மூன்றாம் தேதி என்று டாக்டர் வைத்திருந்தால் அவனுக்கு ஒளிய இடமே இருந்திருக்காது. டாக்டர் ஆறாம் தேதி என்று வைத்தார். 2008, மே ஆறு. அமாவாசைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, அம்மாவின் கணக்கில் சித்திரை இருபத்து நாலு. அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சித்திரை என்றால் சித்திரை. அதை யாராலும் முன்னும் பின்னும் திருப்ப முடியாது.

அக்கா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அரை மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து, ஆங்கில எழுத்தில் தமிழைக் கொட்டி அனுப்பிய மெயில். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, மூன்று அடைப்பு, 6/5 ஆபரேஷன், நீ வந்துரு, அம்மா உன்னத்தான் கேக்கா. அவ்வளவுதான். அதைப் படித்தது ஆபீஸில், பிற்பகல், வெளியே அந்த ஊரின் வசந்தம். வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் பேர் தெரியாத மரம் ஒன்று வெள்ளையாகப் பூத்துத் தார்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. 6/5. ஒரு நொடிகூட அவனுக்கு ஜூன் என்று தோன்றவில்லை. அக்கா எழுதினால் அக்காவின் தேதிதான், அக்காவின் குரலில்தான் அது படித்தது. ஆறாந்தேதி மே மாசம். 'சரிக்கா, வந்துருதேன்' என்று பதில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் இருபத்தேழு, டிக்கெட் வாங்கினான், மூன்றாம் தேதி கிளம்புகிற மாதிரி. வாங்கினதை யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கவேண்டும், அத்தான் சிவதாணு 'வந்துட்டேரா வே மாப்ளே' என்று தோளில் அடிக்கவேண்டும் என்று ஒரு சின்னப்பிள்ளை ஆசை. அதுவும் பிற்பாடு வசதியாகப் போயிற்று. சொல்லாத டிக்கெட்டை ரத்து செய்தால் யாருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ரத்து செய்தான். ஏப்ரல் இருபத்தொன்பது. ஏன் என்று அவன் தன்னைக் கேட்காத வருஷம் இல்லை, ஒவ்வொரு வருஷமும் பதில் கொஞ்சம் மாறி வரும். அடுத்த திங்கள் பெரிய வாடிக்கையாளருக்குப் புது வேலையைக் காட்டவேண்டியிருந்தது, அது உண்மை. ஆனால் மேலதிகாரி என்ன சொன்னார்? போய்விட்டு வா, அம்மா முக்கியம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார். யாராவது தடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தடுக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற சொல்தான் அவனை உறுத்தியது, பார்த்துக்கொண்டு விடுவார்களோ, அவன் இல்லாமலே ஓடிவிடுமோ. அது ஒன்று. அப்புறம் பயம். அம்மாவின் நெஞ்சைத் திறப்பார்கள் என்ற நினைப்பு. பாத்திரம் விளக்கும்போது சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொள்கிற அந்த நெஞ்சு. குழாய்கள், வராண்டா, ரத்தம் கொடுக்க ஆள் தேடி அத்தான் நடக்கிற நடை, கையெழுத்துப் போடு என்று அவனிடம் நீட்டப்போகிற காகிதம். மகன் அவன்தானே, அவனிடம்தான் நீட்டுவார்கள். இந்தக் காலத்தில் பைபாஸ் ஒரு விஷயமா, ஆபீசிலேயே இரண்டு பேர் செய்துகொண்டு மூன்றாம் வாரம் வேலைக்கு வந்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதானே ஆள் தேவை, ஜூன் முதல் வாரம் போனால் ஒரு மாதம் கூடவே இருக்கலாம் என்று கணக்குப் போட்டான். ஜூன். ஆகவே ஜூன் என்று அவன் நினைத்தது முழுப் பொய்யும் இல்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு ஒரு சின்ன நிழலைக் கண்ட மாதிரி ஒதுங்கி நிற்கப் பார்க்கும். முழுப் பொய்யும் இல்லை. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர் டிக்கெட்டில் இருநூற்றைம்பது பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். அது அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பொய்யை அவன் சொல்லக்கூட இல்லை. அதுதான் இன்னும் மோசம். ஏழாம் தேதி அத்தான் போன் செய்து, "மாப்ளே, அத்தை போயிட்டாவே" என்றார். பின்னால் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். பிறகு அக்கா வாங்கினாள். அழுகை வந்து வந்து நின்றது. "ஏம்ல வரல? உள்ள கொண்டுபோறப்பக்கூட வந்துட்டானான்னு கேட்டாளே, ப்ளேன்ல வந்துக்கிட்டிருக்காம்மான்னு சொல்லி அனுப்புனேனே" என்றாள். அவன் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அந்த மௌனத்துக்குள் அக்காவே இறங்கித் தேடி, அக்காவே ஒன்றை எடுத்தாள். அவள் தபாலாபீஸில் வெளிநாட்டுப் பார்சல் பார்த்தவள். அந்த ஊர்ச் சீட்டுகளில் மாதம் முன்னால் இருக்கும் என்று தெரிந்தவள். "ஐயோ, 6/5ன்னுலா எழுதுனேன். உங்க ஊர்ல அது ஜூன்லா. ஜூன்னு நெனச்சிட்டியா எய்யா?" அவன் "ம்" என்றான். ஒரே ஒரு எழுத்து. அதுவும் வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய எழுத்து. அதை அழுகை என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அக்கா ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, பதினாறு வருஷமாக வைத்திருக்கிறாள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். அவன் காடாற்று அன்றுதான் வந்து இறங்கினான். தெருவில் இருந்த எல்லோருக்கும் அதற்குள் கதை தெரிந்திருந்தது. பாவம், பிள்ளை மேல தப்பில்ல, தேதி மாறிப்போச்சு.

அத்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமாஷாக்கிவிட்டார். துக்கத்தை அவர் அப்படித்தான் செலவழிப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால், "மாப்ளைக்கு மாசத்தச் சொல்லிக் கூப்புடுங்கப்பா, இல்லேன்னா கொழந்தைக்குக் காதுகுத்தும்போதுதான் வருவாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிப்பு முடிகிற இடத்தில் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒரு கல்யாண வீட்டிலும் அது தவறியதில்லை. அவள் அதற்குப் பிறகு மாதத்தை எண்ணால் எழுதவேயில்லை. அவளுக்கு அது எவ்வளவு விநோதம் என்பது தபாலாபீஸில் கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தினம் காலையில் தேதி முத்திரையின் சின்னச் சின்ன எழுத்துக்களை இடுக்கியால் மாற்றிச் செருகி, முதல் முத்திரையைப் பதிவேட்டில் குத்திச் சரிபார்க்கிற வேலை அவளுடையது. ஊர் முழுக்கத் தேதி வழங்கியவள். 'என் கையால ஒரு தேதிய ஒழுங்கா எழுதத் தெரியலையே' என்று அத்தானிடம் ஒரு தடவை சொன்னாளாம். அத்தான் அதை அவனிடம் சொன்னது ஆறுதலாக இருக்கட்டும் என்று. கரண்ட் பில், காஸ் புத்தகம், மாத்திரை அட்டை, நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டில் எல்லாவற்றிலும் மாதம் எழுத்தில். பேங்கில் அந்தச் சின்னக் கட்டங்களுக்குள் செப்டம்பரைத் திணித்து எழுதி, கிளார்க் பையன், "மேடம், ஒம்பதுன்னு போட்டாப் போதும்" என்றால், "எனக்குப் போதாது" என்பாள். ஒன்றரை வருஷமாக அவன் இந்த வீட்டில் உப்பு எடுத்தாலும் மிளகாய்ப்பொடி எடுத்தாலும் அந்தக் கையெழுத்து அவனைப் பார்க்கிறது. ஒருநாள், ஏதாவது ஒருநாள், சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துத்தான் ஊருக்கே வந்தான். வேலை அலுத்தது, கல்யாணம் முறிந்தது என்று மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் விமானத்தில் அவன் மனசில் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்தது ஒரு வாக்கியத்தை. இறங்கினதும் அக்கா கன்னத்தைத் தடவி, "இந்தத் தடவ சரியான தேதிக்கு வந்துட்டியே" என்றாள். வாக்கியம் உள்ளே போய்விட்டது.

அவன் பட்டியலில் முதலாவதைத் தட்டினான். நாள் முன்னால். சும்மா பார்ப்போமே என்றுதான். மென்பொருள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பாதிக்கு மேற்பட்ட வரிகளைச் சிவப்பாக்கியது. இப்படி மாதமே கிடையாது, இவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. அவன் கீழே தள்ளிக்கொண்டே போனான். 04/27/2008, சிவப்பு. 04/29/2008, சிவப்பு. இருபத்தேழாவது மாதம், இருபத்தொன்பதாவது மாதம், செல்லாது. அதற்குக் கீழே 05/07, செத்த செய்தி வந்த அன்று வாங்கின டிக்கெட், சந்தேக நாள் என்பதால் சமர்த்தாக உள்ளே வந்து ஜூலை ஐந்து என்று உட்கார்ந்திருந்தது. அவன் ஒன்றையும் அழிக்கவேண்டாம். ஆம் என்று ஒரு தட்டு. வடிவம் தெரியாமல் போட்டுவிட்டேன், கொஞ்சம் வரி விழுந்துபோயிற்று, பழைய கணக்குத்தானே அக்கா. மறுபடியும் தேதியின் பின்னால். மறுபடியும் அந்த ஊர் மாதம் முன்னால் போடுகிற ஊர் என்பதன் பின்னால். அக்கா அதையும் நம்புவாள். நம்பிவிட்டு, நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கணும் என்று அதையும் தன் தலையில் எடுத்து வைத்துக்கொள்வாள். ஆம் என்ற கட்டம் பச்சையாக, இளசாக, வெயிலில் ஒரு இலை மாதிரி இருந்தது. படியில் அக்காவின் காலடி கேட்டது. வலது முழங்கால் வலி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுவாள். பதினெட்டுப் படி. அவன் எண்ணவில்லை, காது எண்ணியது. ஏழு. எட்டு. ஆம் என்பதைத் தட்ட எவ்வளவு நேரம். பதினொன்று. இல்லை என்பதைத் தட்டிவிட்டு, மாதம் முன்னால் என்று கோப்பை வாசிக்கச் சொல்லி, காட்டும்போது பேரை எழுது என்று கடைசி வரியைத் தட்டினான். திரை ஒரு தடவை வெளுத்து, மறுபடி நிறைந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

அக்கா பிஸ்கட் டின் ஒன்றை இடுப்பில் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நெற்றியில் வியர்வையோடு மாவு.

"ஏல, மார்க்கர் பேனா ஒன் மேசைலதான கெடக்கு? கூழ்வத்தல் காஞ்சிட்டு. டின்னுல பேரு எழுதணும்."

"இந்தா."

அவள் கட்டிலில் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்து, ஒட்டுக் காகிதத்தை விரலில் ஒட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். "அட, மாசம் எழுத்துல போட்டிருக்கியே. இது தெளிவு. யாரும் தப்பாப் படிக்கமுடியாது."

கீழேயிருந்து அத்தான் கத்தினார். "பகவதி, அமெரிக்கா கணக்கு ஆடி மாசத்துக்குள்ள முடிஞ்சிருமான்னு கேளு!"

"ஒங்க வேலையப் பாருங்க" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, அவள் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் எப்போதும்போல அந்த முகம் லேசாக இறங்கியது.

"அக்கா, இதப் படி" என்றான்.

விரலை வைத்துக் காட்டினான். திரையில் வியர்வை ஒட்டியது. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பதிவேடு படிக்கிற குரலில் படித்தாள். "ஏப்ரல் இருபத்தேழு, ரெண்டாயிரத்து எட்டு. விமான டிக்கெட். பற்று." ஒரு வரி இறங்கினாள். "ஏப்ரல் இருபத்தொம்பது. அதே கம்பெனி. வரவு." முப்பத்தெட்டு வருஷம் கணக்கு முடித்தவள். பற்றும் வரவும் இரண்டு நாளில் வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டாம். ஆனாலும் கேட்டாள். "எந்தத் தேதிக்கு எடுத்திருந்த?"

"மே மூணு."

"மே மூணு" என்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா. மே ஆறுன்னு தெரியும். ஒனக்கு வந்த மெயில... நீ அனுப்புன மெயில சரியாத்தான் படிச்சேன். பயந்துட்டேன். நீ ஜூனான்னு கேட்டே, ம்முன்னு சொல்லிட்டேன்."

ஒன்றரை வருஷமாக, பதினாறு வருஷமாகச் சேர்த்துவைத்த வாக்கியம் இப்படியா வரும்; அதில் மன்னிச்சுக்கோ என்ற சொல் இருந்திருக்கவேண்டும், நிறையத் தடவை சொல்லிப்பார்த்தபோதெல்லாம் இருந்தது. அக்கா அழவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எதையோ திரும்ப, கடைசி வரியிலிருந்து மேல் வரிக்கு, கூட்டிச் சரிபார்ப்பதுபோல.

"அப்போ நான் எழுதுனது சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"பதினாறு வருஷம்ல."

டின்னுக்குள் வத்தல் ஒன்று உடைகிற சத்தம் கேட்டது. அவள் கை மூடியை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு கையைத் தளர்த்தி, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, ஒட்டுக் காகிதத்தில் எழுதினாள். டின்மேல் ஒட்டி, கட்டைவிரலால் நாலு மூலையும் தேய்த்தாள். எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. அவன் கை நீட்டினான். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள்.

"அத்தான்ட்ட நீயே போய்ச் சொல்லு" என்றாள். "சாப்பாட்டுக்கு முன்னால சொல்லிரு. இனிமே அந்தத் தமாஷ என்னால கேட்டுக்கிட்டு இருக்கமுடியாது."

டின்னை இடுப்பில் எடுத்துக்கொண்டு அவள் கதவுப் பக்கம் திரும்பியபோதுதான் ஒட்டுக் காகிதம் அவன் பக்கம் வந்தது. மை இன்னும் காயாமல் மினுங்கியது. கூழ்வத்தல், அதற்குக் கீழே 4/5.